முதல் ஸ்மார்ட் கான்ட்ராக்டை ஏற்றுவது எப்படி: சேலத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரல், எழுதக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் தமிழிலேயே இப்போது கிடைக்கின்றன. எழுதியதை ஒரு பிளாக்செயின் நெட்வொர்க்கில் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில்) ஏற்றப் போகும்போதுதான் ஆள் திணறிப்போகிறார். சோதனைக் காசு கிடைக்காது. வாலட் (உங்கள் சாவியை வைத்திருக்கும் செயலி) ஒரு நெட்வொர்க்கில் நிற்கும், திரை இன்னொன்றைக் காட்டும். பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். இந்த அலைச்சலை எல்லாம் பட்டுத்தான் நானும் வெளியே வந்தேன். உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழகுவதற்கென்றே உள்ள சோதனை நெட்வொர்க்கில் ஏற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எதுவும் தேவையில்லை. பணமும் ஆவணமும் உண்மையான நெட்வொர்க்குக்குப் போகும்போதுதான் வேண்டும். அது இந்தக் கட்டுரையின் கடைசிப் படி. அதற்கு முன்பே யாராவது பான் எண் கேட்டாலோ கட்டணம் கட்டச் சொன்னாலோ, அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு நம்மூர்த் தொழில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. பட்டறைக்காரர் வெள்ளியை நிறுத்துக் கூலி வேலைக்குக் கொடுக்கிறார். வேலை முடிந்து வந்ததும் மறுபடி நிறுக்கிறார். லாட் எண், கொடுத்த எடை, வந்த எடை, டச் (வெள்ளியின் தூய்மைச் சதவீதம்) ஆகிய நான்கையும் பிறகு யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாதபடி பதிய வேண்டும். முதல் கான்ட்ராக்டுக்கு இந்த அளவு போதும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மடிக்கணினி, குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ், ஒரு நோட்டு, ஒரு பேனா. கைப்பேசியில் முயலாதீர்கள், திரையிலேயே பாதிப் பொத்தான்கள் தெரியாது. பிரவுசிங் சென்டர் கணினி கூடவே கூடாது. வாலட்டின் சாவியும் நீங்கள் எழுதும் கோப்புகளும் அந்த பிரவுசருக்குள்ளேயே தங்கிவிடும்.

இந்த வேலைக்கென்று பிரவுசரில் தனி புரொஃபைல் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். வங்கி, மின்னஞ்சல் பார்க்கும் புரொஃபைலோடு இதைக் கலக்காதீர்கள். தடம் வைக்காத பிரைவேட் ஜன்னலும் வேண்டாம். மூடிய கணமே எழுதிய கோப்பு போய்விடும்.

இணையம் வேகமாக இருக்க வேண்டியதில்லை, அறுபடாமல் இருந்தால் போதும். மின்வாரியம் உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் சிக்னல் நிலையாக இருக்கும் இடம் பார்த்து உட்காருங்கள். ஏன் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

படிக்கப்போகும் பாடம் பழையதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ராப்ஸ்டன், ரிங்க்பி, கோர்லி என்ற பெயர்கள் வந்தால் மூடிவிடலாம். அந்த மூன்று சோதனை நெட்வொர்க்குகளும் முடிந்துபோனவை. இப்போது கான்ட்ராக்ட் எழுதுபவர்களுக்கு உரியது, எதீரியம் என்ற பிளாக்செயினின் சோதனை நெட்வொர்க்கான செபோலியா.

2. வாலட் திறப்பது

மெட்டாமாஸ்க் என்ற வாலட் போதும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தாதீர்கள். ஒரே ஓர் எழுத்து மாறிய போலித் தளங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மெட்டாமாஸ்கின் சொந்தத் தளத்துக்குப் போய், அது காட்டும் வழியில் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து நிறுவுங்கள்.

திறக்கும்போது 12 ஆங்கிலச் சொற்கள் வரும். அவற்றை வரிசை மாறாமல் நோட்டில் எழுதுங்கள். கடவுச்சொல் அந்தக் கணினியில் வாலட்டைத் திறக்க மட்டுமே. 12 சொற்களோ உலகின் எந்த மூலையிலும் உங்கள் வாலட்டைத் திறக்கும். கடவுச்சொல் மறந்தால் சொற்களைக் கொண்டு மீட்கலாம். சொற்கள் தொலைந்து கணினியும் பழுதானால் மீட்க ஒருவராலும் முடியாது.

கைப்பேசியில் படம் எடுத்து வைக்காதீர்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் படம் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்குப் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைப்பதும் வேண்டாம். "மெட்டாமாஸ்க் சப்போர்ட்" என்று சொல்லிக்கொண்டு டெலிகிராமில் வருபவர் அந்தச் சொற்களைக் கேட்டால் அவர் திருடர். இதில் விதிவிலக்கே கிடையாது.

ஏற்கெனவே காசு வைத்திருக்கும் வாலட் உங்களிடம் இருந்தாலும் அதை இங்கே கொண்டுவராதீர்கள். பழகுவதற்கு வேறு சொற்களோடு புதிய வாலட்.

3. செபோலியாவும் சோதனைக் காசும்

மெட்டாமாஸ்க் சோதனை நெட்வொர்க்குகளை மறைத்தே வைத்திருக்கும். நெட்வொர்க் பட்டியலில் அவற்றைக் காட்டச் சொல்லும் சுவிட்சைப் போட்டால் செபோலியா தெரியும். அதன் செயின் எண் 11155111. வேறு எண் தெரிந்தால் அது செபோலியா இல்லை.

ஏற்றுவதற்குக் கட்டணம் உண்டு. எதீரியத்தின் காசுக்கு ஈதர் என்று பெயர். செபோலியாவில் அந்தக் கட்டணத்தை விலையில்லாத சோதனை ஈதரில் கட்டுகிறோம். அதை இலவசமாகத் தரும் தளங்களுக்கு ஃபாசெட் என்று பெயர். புதியவர்களில் பாதிப்பேர் சோர்ந்து திரும்புவது இங்கேதான். பல ஃபாசெட்டுகள், உண்மையான எதீரியம் நெட்வொர்க்கில் உங்கள் முகவரியில் 0.001 ஈதராவது இருந்தால்தான் தரும். பழக வந்தவரிடம் அது எப்படி இருக்கும்?

கூகுள் கிளவுட் நடத்தும் ஃபாசெட்டை முதலில் முயலுங்கள். ஒரு கூகுள் கணக்கு போதும். ஒரு நாளைக்கு ஒரு முறை, 0.05 செபோலியா ஈதர். அது கைகொடுக்காவிட்டால், உங்கள் கணினியையே சிறிது நேரம் கணக்குப் போட வைத்து அதற்கு ஈடாக ஈதர் தரும் மைனிங் ஃபாசெட் இருக்கிறது. பிரவுசர் தாளைத் திறந்தபடி விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மடிக்கணினி சூடாகும், சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

செபோலியா ஈதரை யாராவது ரூபாய்க்கு விற்றால் வாங்காதீர்கள். "முதலில் கொஞ்சம் உண்மையான ஈதர் அனுப்புங்கள், நூறு மடங்கு சோதனைக் காசு தருகிறோம்" என்பதும் மோசடிதான். கான்ட்ராக்டை ஏற்றிப் பழக 0.05 தாராளம்.

4. கோப்பு எழுதுவது

கான்ட்ராக்ட் எழுதி ஏற்ற உதவும் ரீமிக்ஸ் என்ற தளத்தை, எதீரியத்தின் சொந்த முகவரியிலிருந்து மட்டும் திறங்கள். எதையும் நிறுவ வேண்டியதில்லை. புதிய வொர்க்ஸ்பேஸில் அடிப்படை மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் கான்ட்ராக்ட் கோப்புறையில் மூன்று மாதிரிக் கோப்புகள் இருக்கும். முதலாவது ஸ்டோரேஜ்: ஓர் எண்ணைச் சேமிக்கும், கேட்டால் திருப்பிக் காட்டும். அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஆறாம், ஏழாம் படிகள் வரை ஒருமுறை போய்வாருங்கள். வழி தெரிந்த பிறகு கொலுசுக் கான்ட்ராக்டை எழுத உட்காரலாம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், பிழை கோப்பில் இருக்கிறதா வாலட்டில் இருக்கிறதா என்றே தெரியாது.

சொந்தமாக எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில.

கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியில் தசம எண்ணைச் சேமிக்க முடியாது. 62.350 கிராம் என்று எழுத முயன்றால் கோப்பு கம்பைல் ஆகாது, அதாவது பிளாக்செயினில் ஓடும் வடிவுக்கு மாறாது. எடையை மில்லிகிராமில் வையுங்கள்: 62350. டச்சும் அப்படியே; 92.5 என்பதை 925 என்று வைத்து, காட்டும் இடத்தில் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எந்த அலகு என்பதைக் கோப்பின் தலையில் குறிப்பாக எழுதி வையுங்கள். எழுதாவிட்டால், பட்டறையில் ஒருவர் கிராமிலும் இன்னொருவர் மில்லிகிராமிலும் பதிந்து லாட் முழுவதும் குழம்பிப்போகும்.

தமிழில் குறிப்பு எழுதத் தடையில்லை. ஆனால் மேற்கோள் குறிக்குள் தமிழ்ச் சொல்லை மதிப்பாகக் கொடுக்கும்போது, குறிக்கு முன்னால் யூனிகோட் என்ற முன்னொட்டை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கம்பைலர் மறுத்துவிடும். இதை ஆங்கிலப் பாடங்கள் சொல்வதில்லை, அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. இடமும் கூடுதலாகப் பிடிக்கும். "கொலுசு" 18 பைட். "செவ்வாய்ப்பேட்டை" 48 பைட். கான்ட்ராக்டின் சேமிப்பிடம் சம அளவு அறைகளாகப் பிரிந்திருக்கும். 31 பைட் வரையுள்ள சொல் ஒரே அறையில் அடங்கும். அதைத் தாண்டியதால் செவ்வாய்ப்பேட்டைக்கு மூன்று அறைகள். புதிதாக நிரப்பும் ஒவ்வோர் அறைக்கும் 20,000 கேஸுக்கு மேல் செலவு. கேஸ் என்பது நெட்வொர்க் செய்யும் வேலையை அளக்கும் அலகு, கட்டணம் அதை வைத்தே வரும். ஊர்ப் பெயருக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, எந்த எண் எந்த ஊர் என்பதை நோட்டில் வைத்துக்கொள்வதே நல்லது.

நான்கு மதிப்புகளையும் 64 பிட் எண்ணாக அறிவித்தால் நான்கும் ஒரே அறையில் உட்கார்ந்துவிடும். வழக்கமான 256 பிட் எண்ணாக விட்டால் நான்கு அறைகள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஆகும் செலவு பாதிக்கும் கீழே இறங்குகிறது என்பதால் இந்த ஒரு மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டோரேஜ் மாதிரியில் பூட்டு கிடையாது. முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் எண்ணை மாற்றலாம். உங்கள் லாட் கணக்கில் அடுத்த தெருக்காரர் எழுத முடியும் என்றால் அந்தக் கணக்கால் பயனில்லை. ஏற்றுபவரின் முகவரியை உரிமையாளராக முதலிலேயே பதிந்துவிட்டு, எழுதும் செயல் ஒவ்வொன்றிலும் "கூப்பிடுபவர் உரிமையாளரா" என்று கேட்க வையுங்கள். ஓனர் என்ற இரண்டாவது மாதிரிக் கோப்பு இதையே காட்டுகிறது. ஒருமுறை பதிந்த லாட் எண்ணை மறுபடி பதிய விடாமல் தடுக்கவும் ஒரு வரி சேருங்கள்.

அடுத்தது ரகசியம். "பிரைவேட்" என்று அறிவித்த மதிப்பையும் வெளியிலிருந்து எவராலும் படிக்க முடியும். மற்ற கான்ட்ராக்டுகளுக்கு மட்டுமே அது மறைவு. கூலிக்காரர் பெயர், கைப்பேசி எண், ஆதார் எண், வாடிக்கையாளர் விவரம் எதையும் உள்ளே போடாதீர்கள். போட்டபின் அழிக்க வழியே இல்லை. மதிப்பை மாற்றினாலும் பழையது பரிவர்த்தனை வரலாற்றில் அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. "இந்த நிரலை (கோடு) ரீமிக்ஸில் ஒட்டி ஏற்றுங்கள், கொஞ்சம் ஈதர் போடுங்கள், தானாக லாபம் கொட்டும்" என்று ஆர்பிட்ரேஜ் பாட் (விலை வித்தியாசத்தில் தானாக லாபம் பார்ப்பதாகச் சொல்லும் நிரல்) வீடியோக்கள் யூடியூபில் உலவுகின்றன. அந்தக் கோடு செய்வது ஒன்றுதான்: நீங்கள் போட்ட ஈதரை வீடியோ போட்டவரின் முகவரிக்கு அனுப்புகிறது. கோடு நீளமாகவும் குழப்பமாகவும் இருப்பது அந்த முகவரியை மறைக்கத்தான். கீழே நன்றி சொல்லும் கருத்துகளை நம்பாதீர்கள். உங்களுக்குப் புரியாத ஒரு வரியும் நீங்கள் ஏற்றும் கோப்பில் இருக்கக் கூடாது.

5. கம்பைலும் ஒத்திகையும்

கம்பைலர் பகுதியில் பதிப்பைத் தேர்ந்தெடுத்துக் கம்பைல் செய்யுங்கள். பதிப்பின் முழு எண், ஆப்டிமைசர் (கேஸ் செலவைக் குறைக்கும் வசதி) போட்டிருக்கிறீர்களா, போட்டிருந்தால் எத்தனை ரன் ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். ஏழாம் படியில் இவை இல்லாமல் நகர முடியாது.

பிறகு ரீமிக்ஸின் உள்ளேயே இருக்கும் ரீமிக்ஸ் விஎம் சூழலில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் 100 ஈதர் காட்டும், எல்லாம் பாவனை. இங்கே பச்சை அடையாளம் வந்ததும் "பிளாக்செயினில் ஏற்றிவிட்டேன்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணினிக்கு வெளியே அது எங்கும் இல்லை. ஆனால் ஒத்திகைக்கு இதைவிட நல்ல இடமும் இல்லை. தவறான எடை, திரும்பத் திரும்ப ஒரே லாட், வேறு கணக்கிலிருந்து எழுத முயல்வது எல்லாவற்றையும் இங்கே செய்து பாருங்கள்.

கோப்பைக் கணினியில் இறக்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் வரலாற்றைத் துடைத்தால் ரீமிக்ஸ் கோப்புகளும் போய்விடக்கூடும்.

6. ஏற்றுவது

சூழல் பட்டியலில் மெட்டாமாஸ்க் என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலின் தலைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதன் கீழே 11155111 தெரிகிறதா என்பதே முக்கியம். மதிப்புப் பெட்டியில் 0 இருக்கட்டும். அங்கே வேறு எண் கிடந்தால், பணம் வாங்காத கான்ட்ராக்ட் ஏற மறுக்கும். பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட கான்ட்ராக்டுகள் இருந்தால் சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

டெப்ளாய் (ஏற்று) பொத்தானை அழுத்தியதும் மெட்டாமாஸ்க் ஜன்னல் திறக்கும். நெட்வொர்க் பெயரையும் கட்டணத்தையும் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். அதற்கு முன்பே "கேஸ் கணக்கிட முடியவில்லை" என்று ரீமிக்ஸ் சொன்னால், கட்டாயப்படுத்தி அனுப்பாதீர்கள். பெரும்பாலும் அது தோற்கப்போகும் பரிவர்த்தனை. தோற்றாலும் கட்டணம் திரும்பாது. செபோலியாவிலேயே இந்தக் கட்டுப்பாட்டைப் பழகிவிடுங்கள்.

எதீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு). சரியான கட்டணத்தோடு அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒப்புதல் கொடுத்த கணத்தில் இணையம் அறுந்தால் திரை உறைந்து நிற்கும். ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: உடனே மறுபடி டெப்ளாய் அழுத்தாதீர்கள். பரிவர்த்தனை ஏற்கெனவே போயிருக்கலாம். மறுபடி அழுத்தினால் இரண்டாவது கான்ட்ராக்ட் வேறு முகவரியில் பிறக்கும், எது உங்களுடையது என்று பிறகு நீங்களே குழம்புவீர்கள். எதீரியத்தின் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளமான ஈதர்ஸ்கேனின் செபோலியா பக்கத்தில் உங்கள் வாலட் முகவரியைப் போட்டுப் பாருங்கள். கடைசிப் பரிவர்த்தனை அங்கே இருந்தால் வேலை முடிந்தது.

முடிந்ததும் இரண்டு நீளமான எண்கள் கிடைக்கும். 66 எழுத்து இருந்தால் பரிவர்த்தனை எண். 42 எழுத்து இருந்தால் கான்ட்ராக்டின் முகவரி. இரண்டையும் தேதியோடு ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். தாளைப் புதுப்பித்தபின் ரீமிக்ஸில் கான்ட்ராக்ட் காணாமல் போனால் பதறாதீர்கள். அதே கோப்பைக் கம்பைல் செய்து, "அட் அட்ரஸ்" பெட்டியில் அந்த 42 எழுத்தை ஒட்டினால் மறுபடி வந்துவிடும்.

7. ஈதர்ஸ்கேனில் சரிபார்ப்பு

இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். செய்யாவிட்டால் மற்றவர்கள் கண்ணுக்கு உங்கள் கான்ட்ராக்ட் வெறும் எண் குவியல்தான். செய்தால் மூலக் கோடு எல்லோருக்கும் தெரியும், ஈதர்ஸ்கேன் பக்கத்திலிருந்தே லாட்டைப் படிக்கலாம். பட்டறைக்காரருக்கு ரீமிக்ஸ் தெரிய வேண்டியதில்லை.

கான்ட்ராக்ட் பக்கத்தில் சரிபார்ப்பு இணைப்பை அழுத்தி, ஒற்றைக் கோப்பு என்பதையும் கம்பைலர் பதிப்பையும் உரிமத்தையும் தேர்ந்தெடுங்கள். நோட்டில் குறித்த ஆப்டிமைசர் விவரத்தை அப்படியே கொடுங்கள். ஓர் இடைவெளியும் மாறாத அதே கோப்பை ஒட்டுங்கள். "பொருந்தவில்லை" என்று வந்தால், முதலில் பதிப்பின் கடைசி எண்ணையும் ஆப்டிமைசரையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

8. உண்மையான நெட்வொர்க்: ஆவணம், செலவு, நேரம்

கணக்கு இப்படி. ஒரு ஈதர் என்பது 100 கோடி குவெய். ஸ்டோரேஜ் மாதிரியை ஏற்ற ஒன்றேகால் முதல் ஒன்றரை லட்சம் கேஸ் ஆகும். நம் கொலுசுக் கான்ட்ராக்டுக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் விலை 1 குவெய் என்றால் 0.0005 ஈதர். ஈதர் 2,50,000 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்தால் 125 ரூபாய். அதே கேஸ் விலை 20 குவெய்க்கு ஏறிய நாளில் 2,500 ரூபாய். ஏற்றுவது ஒரு முறைதான். ஆனால் லாட் பதியும்போதெல்லாம் தனிக் கட்டணம் உண்டு. தினமும் பதியும் பட்டறைக்கு எதீரியம் முதன்மை நெட்வொர்க் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. பாலிகான் போன்ற மலிவான நெட்வொர்க்கைப் பாருங்கள்: செயின் எண் 137, கட்டணம் பிஓஎல் காசில், சோதனைக்கு அமோய், எண் 80002. இதுவரை செய்த படிகள் அங்கும் அப்படியே பொருந்தும்.

பொதுவாகக் கேஸ் விலை அமெரிக்கா உறங்கும் நேரத்தில் இறங்கும். நமக்கு அது காலை முதல் பிற்பகல் வரை. சனி, ஞாயிறு இன்னும் நல்லது.

காசு வாங்க, கிரிப்டோ காசை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் கணக்கு வேண்டும். பான், ஆதார், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி. பானில் உள்ள பெயரும் வங்கிப் பெயரும் முன்னெழுத்தில் மாறியிருந்தால் விண்ணப்பம் நின்றுபோகும். நம்மூரில் தந்தை பெயரை ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும் எழுதுவதால் இது அடிக்கடி நடக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 2023 மார்ச் முதல் இந்தியாவில் இயங்கும் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா என்று பார்த்துவிட்டே கணக்குத் திறங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்றைக் கேட்டுவிடுங்கள்: வாங்கிய காசை வெளி வாலட்டுக்கு அனுப்ப விடுவார்களா? எல்லா எக்ஸ்சேஞ்சும் விடுவதில்லை. விடுபவர்களும் முதல் முறை சில நேரம் நிறுத்தி வைப்பார்கள், எடுக்கக் கட்டணமும் பிடிப்பார்கள். அனுப்பும் நெட்வொர்க்கும் நீங்கள் ஏற்றப்போகும் நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எதீரியம் வழியாக வந்த காசு பாலிகானில் தெரியாது. முதலில் எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்தபிறகு மீதியை அனுப்புங்கள்.

வரி: 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் கிரிப்டோ சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தம் 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கேஸுக்காக வாங்கும் சில நூறு ரூபாய் ஈதரானாலும் வாங்கிய தேதி, அன்றைய ரூபாய் மதிப்பு, செலவழித்த ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், அதில் போன கட்டணம் ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் அன்றன்றே எழுதிவிடுங்கள். ஜூலையில் ஆடிட்டரிடம் போகும்போது அவர் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.